சிலுப்பாத கிடாய்

கிடாய் சிலுப்பினால் கல்யாணம், சிலுப்பாவிட்டால் இல்லை. பேச்சு அப்படித்தான் முடிந்திருந்தது.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் பட்டறையில் மோட்டார் வைண்டிங் வேலை. படிப்பு பத்தாவது. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் என் அண்ணன்தான் பேசுவார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வீட்டில், "மாப்பிளைக்குப் பேச்சு வருமுங்களா?" என்று கேட்டேவிட்டார்கள்.

சென்னிமலையில் பார்த்த பெண் கணவனை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. தன் அண்ணன் வீட்டு முன்னறையில் மாவு ஆட்டி விற்றுக்கொண்டிருந்தார். காப்பி டம்ளரை நான் வாங்கும்போது என் விரல்களைப் பார்த்துவிட்டு, "கையெல்லாம் என்னங்க இத்தன கீறல்?" என்றார். "செம்புக் கம்பிங்க" என்றேன். சொந்தமில்லாத ஒரு பெண்ணிடம் நானாகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது என் அண்ணன் வண்டியை ஓட்டிக்கொண்டே சிரித்துக்கொண்டு வந்தார்.

பெண்ணின் அண்ணனுக்கு பெட்ஷீட் தறி. அமைதியான மனிதர், பயந்த மனிதரும்கூட. "எனக்குச் சம்மதந்தானுங்க. ஆனா உங்க குலசாமிகிட்டக் கேட்டுப்போட்டுத்தான் தேதி வெக்கோணும்" என்றார். காரணத்தையும் சொன்னார். தங்கையின் முதல் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுச் சாமிக்குக் கிடாய் நிறுத்தியிருக்கிறார்கள். மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினால் கிடாய் உடம்பைச் சிலுப்ப வேண்டும். அதுதான் சாமியின் சம்மதம். அன்றைக்கு அது சிலுப்பவில்லை. நேரமாகிறது என்று வெட்டிவிட்டார்கள். "என்ற தங்கச்சி நாலு வருசம் அடி வாங்குனா. ஒருக்கா சுடுதண்ணிய மேல ஊத்திப்போட்டான். அப்புறம் அவனே லாரிக்கடியில போய்ச் சேந்தான். மறுக்காவும் சிலுப்பாத கெடாய வெட்ட நான் உடமாட்டேனுங்க."

எங்கள் குலசாமி முனியப்பன் பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் இருந்தது.

அணை கட்டுவதற்கு முன்னால் எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் அந்தக் காட்டில் பண்ணையத்து வேலை செய்தவர்கள். ஊரைக் காலி செய்தபோது பெரிய கோயிலின் சாமிகளைக் கரைக்குக் கொண்டுவந்து புதுக் கோயில் கட்டினார்கள். அங்கிருந்த பழைய கோட்டையின் மதிலுக்கு வெளியே நின்ற எங்கள் முனியப்பன் கல்லை எடுத்துவர யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் நன்றாக வற்றுகிற வருஷத்தில் மட்டும் கோயிலும் மதிலும் வெளியே தெரியும். அந்த வருஷம் தெரிந்தது. படம் எல்லார் போனிலும் வந்தது. நீலகிரியில் மழை பிடித்துவிட்டால் மறுபடி மூழ்கிவிடும். "இப்ப உட்டா எப்பவோ? நீ கெழவனா ஆயிப்போவ" என்று அண்ணன் அவசரப்படுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் கூடினோம். அண்ணிக்குத் தண்ணீர் என்றால் பயம். பொங்கல் வைக்கிறேன் என்று கரையிலேயே இருந்துகொண்டார். நான், அண்ணன், அந்தப் பெண், அவருடைய அண்ணன் ஆகிய நாலு பேரும் கிடாயும் பரிசலில் ஏறினோம். பரிசல்காரர் மீன் பிடிக்கிறவர். கோயில் வெளியே வந்ததிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவதையும் தொழிலாக வைத்திருந்தார்.

"அணை ஆபீசருங்க ஆராச்சும் கேட்டா மீன் வாங்கப் போனோம்னு சொல்லுங்க" என்றார்.

"கெடாயோடயா?" என்றார் அண்ணன்.

"கெடாய்க்கும் மீன் வேணும்னு சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கிடாய் எப்படியாவது சிலுப்பிவிட வேண்டும் என்று முனியப்பனை மனதுக்குள் கும்பிட்டேன். நான் சாமியிடம் எதையும் அவ்வளவு கெஞ்சிக் கேட்டதில்லை.

"கையத் தண்ணிக்குள்ள உடாதீங்க. முதலை கெடக்குது" என்றார் பரிசல்காரர்.

பரிசல் சுற்றிச் சுற்றிப் போனது. முதலில் ஒரு மேட்டில் இறக்கிவிட்டார். காய்ந்து பாளமாக வெடித்த சேற்றில் ஒரு கல் சாய்ந்து நின்றது. அதில் ஒரு வீரன். ஒரு கையால் தன் கொண்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வாளைத் தன் கழுத்துக்கே கொடுத்திருந்தான். முகத்தில் வலியே இல்லை.

"தன் கழுத்தத் தானே அறுத்துச் சாமிக்குக் குடுத்தவன்" என்றார் பரிசல்காரர்.

"எதுக்குங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ராசா செயிக்கோணும்னு."

"ராசா செயிக்கறதுக்கு ராசா கழுத்த அறுத்துக்கறதுதானே?" என்றார் அவர். அவருடைய அண்ணன், "சும்மா இரு அம்மணி" என்று கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்தது பெரிய கோயில். பரிசல் நேராகக் கல் மண்டபத்துப் படியிலேயே போய் முட்டியது. தூண்களில் இடுப்பு உயரத்துக்குச் சேறு. சிலைகளின் கண்ணிலும் வாயிலும் கிளிஞ்சல் ஒட்டியிருந்தது. ஒரு நடனப் பெண்ணின் கழுத்தில் அறுந்த மீன்வலை சுற்றிக் கிடந்தது. சாமி இருந்த இடத்தில் வெறும் பீடம்தான். செத்த மீன் நாற்றம் அடித்தது. அண்ணன் செருப்பைக் கழற்றாமல் நேராகக் கருவறைக்குள் போய் நின்றார்.

"எங்கப்பன் இந்தத் தூணத் தொட்டிருந்தாத் தோல உரிச்சிருப்பாங்க. மழைக்கு ஒதுங்குனதுக்கே எங்க பெரியப்பன மாட்டுச் சாட்டையில அடிச்சாங்களாம். டேய் தம்பி, இங்க வந்து நில்லு. ஒரு போட்டோ எடு" என்றார். நிலைவாசலை ஓங்கி ஓர் உதை விட்டார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் சேறு பெயர்ந்து விழுந்தது. அந்த உதைக்குப் பிறகு அவர் முகம் மாறிவிட்டது. அண்ணன் நல்லவர். ஆனால் கோபம் வந்தால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரியாது.

கோட்டை மதிலுக்குப் போகும் வழியில்தான் அது நடந்தது. காற்று கிளம்பிப் பரிசல் சாய்ந்தது. ஓர் அலை உள்ளே வந்து கிடாயின் மேல் விழுந்தது. கிடாய் தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பை உதறிச் சிலுப்பியது. எங்கள் முகமெல்லாம் தண்ணீர்.

அண்ணன் எழுந்து நின்று கத்தினார். "சிலுப்பிருச்சு! பாத்தீங்களா மச்சான்? சாமி வழியிலயே சம்மதம் குடுத்துருச்சு!"

"உக்காருங்க, பரிசல் கவுந்துரும்!" என்றார் பரிசல்காரர்.

பெண்ணின் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது கணக்கு இல்லீங்க."

"ஏனுங்க கணக்கு இல்ல? தண்ணி பட்டுச்சு, சிலுப்புச்சு."

"மஞ்சத்தண்ணி ஊத்தோணும். சாமி முன்னாடி நிக்கோணும். இது ஆத்துத் தண்ணிங்க."

"சாமியே இந்தத் தண்ணிக்குள்ளதானுங்க இத்தன வருசம் இருந்துச்சு!"

அண்ணன் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. ஆனால் பெண்ணின் அண்ணன் மறுத்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பெண் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முனியப்பன் என்று சொல்லிக்கொள்ள ஒரு முழங்கால் உயரக் கல்தான் இருந்தது. மதிலோரம், தண்ணீரிலிருந்து நாலடி மேலே. அண்ணன் கழுவிவிட்டுத் திருநீறும் குங்குமமும் வைத்தார். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த அருவாளை எடுத்துக் கல்லில் சாய்த்தார். நான் கிடாயின் கயிற்றை இடது கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பெண்ணின் அண்ணன் பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கிடாயின் முதுகில் ஊற்றினார்.

கிடாய் அசையவில்லை.

மறுபடி ஊற்றினார். அது நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. கற்பூரம் கொளுத்தினோம். சாமியைத் திட்டிப் பார்த்தார் அண்ணன், கெஞ்சிப் பார்த்தார். இன்னொரு சொம்பு. வயிற்றின் கீழே மஞ்சளாகச் சொட்டியது. வெயில் ஏறியது. காலையில் நனைந்து பழகிவிட்டதோ என்னவோ, கல் மாதிரி நின்றது. கயிற்றை லேசாக ஆட்டலாமா என்றுகூட யோசித்தேன். பெண்ணின் அண்ணன் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. அவர் நடிக்கவில்லை. அந்தச் சுடுதண்ணீர் நாள் அவர் கண்ணுக்குள் வந்திருக்கும்.

அவர் கண்ணை மூடியிருந்த நேரத்தில் அண்ணன் குனிந்து, கையில் அள்ளிய தண்ணீரைக் கிடாயின் காதுக்குள் விட்டார். காதுக்குள் தண்ணீர் போனால் எந்தக் கிடாயும் தலையை உதறும். அதுவும் உதற ஆரம்பித்தது. அதே நொடியில் அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"காதுல உட்டீங்க."

"ஆரு உட்டா?"

"உட்டீங்க. பாத்தேனுங்க. கைய எடுங்க. கெடாய உடுங்க."

"என்ற தம்பி இன்னும் எத்தன வருசம் காத்திருக்கறதுங்க? ஒரு ஆட்டுக்காகவா?"

"என்ற தங்கச்சி செத்துப் பொழச்சவ, தெரியுமுங்களா? உடுங்கங்கறேன்!"

"மேல கை வெக்காதீங்க, சொல்லிப்போட்டேன்."

எங்கள் பக்கத்தில் சண்டையிலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். அது இருக்கிறவரை பயமில்லை. பெண்ணின் அண்ணன் என் அண்ணனின் சட்டையைப் பிடித்து, "திருட்டு நாயே" என்றார். அத்தோடு போயிற்று.

அண்ணன் அவர் முகத்தில் குத்தினார். இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். கீழே எல்லாம் உடைந்த செங்கல்லும் கிளிஞ்சலும். முதுகுகள் கிழிந்தன. அந்த அமைதியான மனிதர் அண்ணனின் தலைமுடியைப் பிடித்து மதில் கல்லில் மோதினார். அந்தச் சத்தம் ஈரத்துணியைத் துவைகல்லில் அடிக்கிற மாதிரி கேட்டது. அண்ணன் திரும்பி அவர் காதைக் கடித்தார். அவர் அலறிக்கொண்டு எழுந்து ஓடிப் பரிசலிலிருந்த துடுப்பை உருவிக்கொண்டு வந்து அண்ணனின் தோளில் ஒரு போடு போட்டார். "அண்ணா, உடு! அண்ணா!" என்று பெண் கத்தினார். பரிசல்காரர், "துடுப்பு ஒடஞ்சா ஊடு போய்ச் சேர முடியாதுங்க!" என்று கத்தினார். இரண்டாவது அடி அண்ணனின் வாயில் பட்டது. பல்லோடு ரத்தத்தைத் துப்பினார். பிறகு கையைப் பின்னால் துழாவி அருவாளை எடுத்தார்.

நான் அதுவரைக்கும் கிடாயோடு நின்றுகொண்டிருந்தேன். எப்படி நடுவில் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. யோசித்துப் போகவில்லை. தைரியமும் இல்லை. இடது கையைத் தூக்கியது மட்டும் நினைவிருக்கிறது. அதில் கயிறு சுற்றியிருந்தது.

அருவாள் முழங்கைக்குக் கீழே இறங்கியது. முதலில் வலி இல்லை. யாரோ ஐஸ் கட்டி வைத்த மாதிரி இருந்தது. பிறகு சதை இரண்டு பக்கமும் விலகியது. உள்ளே வெள்ளையாக ஒன்று தெரிந்தது. நான் முனியப்பன் கல்லின்மேல் சாய்ந்து விழுந்தேன். என் ரத்தம் திருநீற்றின் மேல் கொட்டியது. அறுந்த கயிற்றோடு கிடாய் மதில்மேல் ஏறி நின்றுகொண்டது.

அண்ணன் மறுபடி அருவாளை ஓங்கினார். என்னை வெட்டியது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. பெண் பித்தளைச் சொம்பை இரண்டு கையாலும் தூக்கி அவர் மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அருவாள் தண்ணீரில் விழுந்தது. திரும்பித் தன் அண்ணனின் முதுகிலும் அதே சொம்பால் ஒன்று வைத்தார். துடுப்பு கீழே விழுந்தது. ஒரு நிமிஷம் எல்லாரும் மூச்சு வாங்கினார்கள்.

எனக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. காலிலிருந்து தலைவரை ஒரே உதறல். பல் கிட்டியது.

பெண்ணின் அண்ணன் என்னையே பார்த்தார். அவருடைய காது பாதி தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் கழுத்தில் வழிந்தது. மெதுவாக மண்டியிட்டுக் கையைக் கூப்பினார்.

"சிலுப்பிட்டாருங்க" என்றார். "சாமி கெடாய வேண்டாம்னுடுச்சு. ஆளையே கேட்டு வாங்கிருச்சு. மாப்பள சிலுப்பிட்டாரு!"

அண்ணன் உடைந்த வாயோடு என்னைப் பார்த்து, "தம்பி" என்று அழ ஆரம்பித்தார்.

"பரிசலத் தள்ளுங்க!" என்று பெண் கத்தினார். அண்ணனின் துண்டைப் பிடுங்கி என் கையை இறுக்கிக் கட்டினார். அவ்வளவு இறுக்கமாக அவர் கட்டியதால்தான் நான் பிழைத்தேன் என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

போக வர அந்த ஒரு பரிசல்தான். வெட்டியவரும் அடித்தவரும் முழங்காலோடு முழங்கால் முட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. கிடாய் தானாகவே இறங்கி வந்து ஏறிக்கொண்டது. அடியில் தேங்கிய தண்ணீர் சிவப்பாக ஆடியது. பெண்ணின் அண்ணன் அப்போதும் காதைப் பொத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"இனித் தடையே இல்லீங்க. தை மாசமே வெச்சரலாம். இந்த மாதிரி சம்மதம் ஆருக்குங்க கெடைக்கும்?"

பெண் சொம்பைத் தண்ணீரில் முக்கி நிறைய மொண்டார். எனக்குக் குடிக்கத்தான் என்று நினைத்தேன். அவர் அதைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டார்.

முடியிலிருந்தும் மூக்கு நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. காற்று அடித்தது. அவர் அசையவே இல்லை. தோள் அசையவில்லை, இமைகூட அசையவில்லை. நேராகத் தன் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துக்க" என்றார்.

அவருடைய அண்ணன் பேச்சை நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது. எனக்கு மயக்கம் வந்து வந்து போனது. மயக்கத்திலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கல்யாணம் இல்லை.

சத்தியமங்கலம் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் இனி மடங்காது என்றார்கள். போலீஸ்காரர் வந்து கேட்டபோது, சேற்றில் வழுக்கி அருவாள்மேல் விழுந்தேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மாவுக்கட்டோடு நின்ற அண்ணனைப் பார்த்தார். "இவரு?" என்றார். "அவருந்தானுங்க வழுக்கிட்டாரு" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் தனியாக பஸ் ஏறி வந்தார். தூக்குப்போசியில் இட்லி.

"வலிக்குதுங்களா?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாதீங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் வேணும்னேதான் அசையாம இருந்தேனுங்க. மூச்சக்கூட இழுத்துப் புடிச்சுட்டேன். கெடாய்கிட்டக் கேட்டாங்க, கல்லுகிட்டக் கேட்டாங்க. மண்டைய ஒடச்சுக்கிட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க ஆருக்கும் வாய் வல்ல. உங்களுக்கும்தான்."

நான் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து படுத்திருந்த பெரியவர் எங்கள் பக்கம் புரண்டார். இப்போது கேட்காவிட்டால் அவர் எழுந்து போய்விடுவார் என்று தெரிந்தது. அருவாளுக்கு முன்னால் நின்றபோது வராத பயம் அப்போது வந்தது.

"என்னக் கட்டிக்கறீங்களா?" என்றேன்.

"சத்தமாக் கேளுங்க தம்பி, எனக்கே கேக்கல" என்றார் பெரியவர்.

இன்னொரு முறை கேட்டேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

அவர் சிரிக்கவில்லை. "கை ஓங்குவீங்களா?"

"மாட்டேனுங்க."

"அன்னிக்கு ஏன் குறுக்க வந்தீங்க?"

"தெரியலீங்க."

என் கைக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். "சரிங்க. ஆனா ஒண்ணு. உங்கண்ணன் நம்ம ஊட்டு வாசப்படி ஏறக்கூடாது. எங்கண்ணனும்தான். கை நீட்டுனவங்க ஆரும் உள்ள வரக்கூடாது."

"நீங்களும் சொம்புல..." என்று ஆரம்பித்தேன்.

"நான் உள்ளயே இருக்கறவ" என்றார்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டோம். மழை பிடித்துக் கோயில் மறுபடி மூழ்கிவிட்டது. கிடாயைப் பரிசல்காரர் வைத்துக்கொண்டார். சாமிக்கு விட்டதை விற்கவும் முடியவில்லை, வெட்டவும் மனசு வரவில்லை என்று போனில் சலித்துக்கொண்டார். இப்போது நான் வைண்டிங் கட்டுவதில்லை. முடிந்த மோட்டார்களை ஓட்டிப் பார்த்து அனுப்புகிற வேலையில் இருக்கிறேன். அதற்கு மூன்று விரல் போதும்.

என் மனைவி சொன்ன சொல்லை மாற்றவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் அண்ணன் எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். நான் போவேன். கரும்புக் கட்டை இறக்குவார். அவருடைய வலது மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியிருக்கிறது. எடை தூக்கும்போது நடுங்கும். நான் வலது கையை நீட்டுவேன். அவர் கரும்பைக் கொடுக்கும்போது என் இடது கையைப் பார்க்கமாட்டார்.

"உள்ள நல்லா இருக்காங்களா?" என்பார்.

"நல்லா இருக்காங்க" என்பேன்.

இந்த வருஷம் கட்டு பெரிதாக இருந்தது. ஒரு கையில் நிற்கவில்லை. அவர் வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். படிக்கு முன்னால் நின்று, கரும்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். என் மனைவி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வரச் சொல்லவில்லை. ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அண்ணன் அந்தச் சொம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து எடுத்து, அண்ணாந்து குடித்தார்.